மதாம் வந்த சேதி

பெட்டியின் மேல்தான் உட்கார்ந்திருப்பார். வாசல் கேட்டுக்கு வெளியே, முருங்கை நிழலில், பச்சைப் பெட்டியைப் படுக்கப் போட்டு அதன் மேல். மெட்ராசிலிருந்து வந்த கார் இறக்கிவிட்டுப் போயிருக்கும். கேட் திறந்தே கிடக்கும். உள்ளே வரமாட்டார்.

"உள்ள வாங்க மதாம். வெயிலு மண்டயப் பொளக்குது" என்பாள் என் மனைவி ஆரோக்கியம்.

"முதல்ல முசே போய் எழுதிட்டு வரட்டும்."

முசே என்பது நான். ஐயா என்பதற்குப் பிரெஞ்சுக்காரர்கள் அப்படிச் சொல்வார்கள். நான் கொத்தனார். என்னை அப்படிக் கூப்பிட்டவர் அவர் ஒருவர்தான். முதல் தடவை கூப்பிட்டபோது ஆரோக்கியம் அடுப்படிக்குள் ஓடிப்போய்ச் சிரித்தாள்.

எழுதுவது என்றால் சி ஃபாரம். வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் ஒரு வீட்டில் வந்து தங்கினால், வீட்டுக்காரர் இருபத்துநாலு மணி நேரத்துக்குள் போலீசுக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு தடவை தெரிவித்தால் தீராது. அவர் வெளிநாடு போய்த் திரும்பினால் மறுபடியும் தெரிவிக்க வேண்டும். அதே வீடு, அதே ஆள், அதே கட்டில் என்றாலும்.

நான் அவருடைய பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு காசிம் பாயின் கம்ப்யூட்டர் கடைக்குப் போவேன். காசிம் பாய் படம் போட்ட பக்கம், விசா பக்கம், ஏர்போர்ட்டில் குத்திய முத்திரை எல்லாவற்றையும் ஏற்றுவார். அரை மணி நேரம் ஆகும். கரண்டு போனால் ஒரு மணி. அதுவரை மதாம் பெட்டி மேல் இருப்பார். ஆரோக்கியம் காப்பியை வாசலுக்கே கொண்டுபோய்க் கொடுப்பாள். டம்ளரில் குடிக்க மாட்டார். கிண்ணத்தில் ஊற்றி, இரண்டு கையாலும் தூக்கி, வறுக்கி ரொட்டியை முக்கித் தின்பார்.

தெருவில் போகிறவர்கள் கேட்பார்கள்.

"என்ன மதாம், வீட்டுக்காரங்க வெளிய தள்ளிட்டாங்களா?"

"இல்ல. நான் இன்னும் வரல" என்பார்.

இருபத்துநாலு மணி நேரம் இருக்கிறதே, உள்ளே போய்க் குளித்துச் சாப்பிட்டுப் படுக்கலாமே என்று நான் ஒரு தடவை சொன்னேன்.

"இருபத்துநாலு மணி மறக்கிறவங்களுக்குக் குடுத்தது முசே" என்றார்.

அது என்னைக் குத்தியது. குத்தியதற்குக் காரணம் உண்டு. பிறகு சொல்கிறேன்.

வெளிநாட்டுக்காரர் என்றால் வெள்ளையாக இருப்பார் என்று நினைக்க வேண்டாம். மதாம் என்னைவிடக் கறுப்பு. காரைக்காலில் மாதா கோயிலுக்குப் பின்னால் இரண்டு தெரு தள்ளிப் பிறந்தவர். வெள்ளைக்காரன் போகும்போது அவர் அப்பா பிரெஞ்சுக் குடிமகனாக இருந்துகொள்கிறேன் என்று கையெழுத்துப் போட்டார். அப்போது மதாம் சின்னப் பிள்ளை. அந்தக் கையெழுத்தோடு பிள்ளைகளும் பிரெஞ்சுக் கணக்கில் போயின. பத்தொன்பது வயதில் கட்டிக்கொண்டு பிரான்சுக்குப் போனார். அங்கே ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் இடத்தில் வேலை. புருஷன் செத்தான். மகன் பெரியவனானான். வேலை முடிந்து ஓய்வு வந்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். இந்த நாட்டு வம்சம் என்று காட்டினால் ஆயுசுக்கும் ஒரு அட்டை தருவார்களாம். அதற்கு அப்பா பிறந்த சீட்டு வேண்டும். அது எங்கேயும் கிடைக்கவில்லை. ஆகவே பிறந்த ஊரில் விசாவில் இருந்தார்.

இதெல்லாம் அவர் சொல்லித் தெரிந்ததல்ல. ஃபாரம் நிரப்பும்போது காசிம் பாய் கேட்கக் கேட்க, பக்கத்தில் நின்று தெரிந்துகொண்டது.

முதல் நாள் வீடு பார்க்க வந்தது நினைவிருக்கிறது. காரைக்காலை ஒட்டிய தருமபுரத்தில் என் வீட்டு மாடி நானே கட்டியது. வெளிவேலை முடிந்து வந்து, மிஞ்சிய பொழுதில், செங்கல் செங்கலாக. ஆறு வருஷம் ஆனது. மதாம் சுவரைத் தட்டிப் பார்த்தார். ஜன்னலைத் திறந்து மூடினார். குளியலறைக்குள் போய் ஒரு வாளித் தண்ணீரைக் கவிழ்த்துவிட்டு நின்று பார்த்தார். நான் வெளியே நின்றேன்.

"முசே, உங்க தண்ணி வெளிய போகல. உள்ளுக்கு வருது."

போய்ப் பார்த்தேன். கதவுப் பக்கம் தண்ணீர் ஓடி வந்தது. சரிவு தப்பு. முப்பது வருஷம் கொத்தனார் வேலை பார்த்தவன். ஊரெல்லாம் தரை போட்டவன். யாரும் சொன்னதில்லை.

"வேற எடம் பாத்துக்கறீங்களா?" என்றேன்.

"எதுக்கு? சுவர் நல்லா இருக்கு. தரையை உடைச்சுப் போடுங்க. நான் ஒரு வாரம் கழிச்சு வர்றேன்."

உடைத்துப் போட்டேன். ஒரு வாரம் கழித்து வந்து மறுபடி ஒரு வாளி கவிழ்த்தார். தண்ணீர் ஓட்டைக்கு ஓடியது. தலையை ஆட்டினார். அவ்வளவுதான். இருந்த ஆறு வருஷமும் இப்படித்தான். உள்ளதைச் சொல்வார். கூட்டமாட்டார், குறைக்கமாட்டார். முகம் பார்த்துப் பேசத் தெரியாது.

ஆரோக்கியம் மீன் குழம்பு கொடுத்து அனுப்பினால், கிண்ணத்தைத் திருப்பித் தரும்போது "உப்பு கூட" என்பார். கிண்ணம் வழித்துத் துடைத்தாற்போல் இருக்கும். ஆரோக்கியம் முதலில் கோபித்தாள். பிறகு மதாமுக்குக் கொடுக்கிற நாளில் கொஞ்சம் பார்த்து உப்புப் போட்டாள். அப்புறம் எல்லா நாளும்.

ஒரு தடவை திருநள்ளாற்றிலிருந்து ஒருவர் லாட்ஜ் கட்ட ஆள் தேடி என்னைப் பார்க்க வந்தார். நான் இல்லை. மாடிப்படியில் நின்ற மதாமிடம் கேட்டிருக்கிறார். "இந்த மேஸ்திரி வேலை எப்படிங்க?"

"சுவர் நல்லாக் கட்டுவார். தரைச் சரிவு பார்க்க மாட்டார். நீங்க பக்கத்துல நின்னு பாருங்க."

ஆரோக்கியத்துக்கு அழுகையே வந்துவிட்டது. "கைக்கு வந்த வேலைய இப்படிக் கெடுத்துட்டாங்களே" என்றாள். ஆனால் வேலை எனக்குத்தான் வந்தது. குறையையும் சேர்த்துச் சொன்ன சாட்சி ஆகையால் சுவரைப் பற்றிச் சொன்னதை நம்பியிருக்கிறார். லாட்ஜில் பதினாறு குளியலறை. பதினாறுக்கும் அந்த லாட்ஜ்காரர் வாளியோடு வந்து நின்றார்.

மதாம் எதற்கு வந்தார் என்பதைச் சொல்ல வேண்டும்.

அவருக்கு ஒரு தங்கை. சின்ன வயதில் காய்ச்சல் கண்டு மூளைக்கு ஏறிவிட்டது. பேச்சு இல்லை. ஐந்து வயதோடு அறிவு நின்றது. உடம்பு மட்டும் வளர்ந்து கிழவியானது. அப்பா அம்மா போன பிறகு தங்கை கன்னியாஸ்திரிகள் நடத்துகிற ஒரு இல்லத்தில் இருந்தது. மதாம் தினம் நாலு மணிக்குப் போவார். தங்கையின் நரைமுடியை வாரி, இரட்டைச் சடை பின்னி, சிவப்பு ரிப்பன் கட்டிவிடுவார். தங்கை மதாமின் கைக்கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ஐந்து மணிக்குத் திரும்பிவிடுவார். கிழமை தெரியாது தங்கைக்கு. நாலு மணி தெரியும். மதாம் வரப் பிந்தினால் கேட்டுக்கு வந்து நின்றுவிடும், சாப்பாடு இறங்காது என்று சிஸ்டர் சொல்வார்.

முதல் முதலாக சி ஃபாரம் போட காசிம் பாய் கடைக்கு நானும் மதாமும் போனபோது நடந்தது இது. காசிம் பாய் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கேட்டார்.

"வந்த நோக்கம் என்ன மதாம்?"

"தங்கச்சிக்குத் தலை வார."

"இதுல டூர் இருக்கு. யாவாரம் இருக்கு. வைத்தியம் இருக்கு. படிப்பு இருக்கு. தல வார்றது இல்லியே."

"இல்லாட்டி சேருங்க."

"கவர்மெண்டு ஃபாரத்துல நான் ஒண்ணச் சேத்தா என்னயத் தூக்கி உள்ள வெச்சிடுவாங்க மதாம். எனக்கு மூணு பொம்பளப் புள்ள."

மதாம் சிரிக்கவில்லை. யோசித்தார். கடைசியில் இருவரும் பேசி 'இதர' என்று போட்டு, பக்கத்தில் சகோதரியைக் கவனிக்க என்று எழுதினார்கள்.

"சொந்த நாட்டு விலாசம்?"

"மகன் வீட்டு விலாசம் தர்றேன். ஆனா அது என் வீடு இல்ல. அங்க எனக்கு ஒரு சோபாதான்."

"சோபாவுக்குக் கட்டம் இல்ல மதாம்" என்றார் காசிம் பாய். "துபாய்ல எங்க மச்சான் அடுக்குக் கட்டில்ல கெடக்கான். பத்து பேருக்கு ஒரு ரூம்பு. அவனும் விலாசம்னுதான் எழுதறான். எழுதுங்க."

எழுதினார். ஆனால் முகம் சரியில்லை. சோபாவை வீடு என்று எழுதியது அவருக்கு நாள் பூராவும் உறுத்தியது.

இரண்டு வருஷம் அவர் எங்கும் போகவில்லை. பிறகு மகனுக்கு ஏதோ ஆபரேஷன் என்று போக வேண்டி வந்தது. போகுமுன் தங்கையிடம் போய்ச் சொன்னார். ஆரோக்கியமும் கூடப் போயிருந்தாள். தங்கையின் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, "நான் ஊருக்குப் போறேன். முப்பத்தஞ்சு நாள். அதுவரைக்கும் ஆரோக்கியம் வருவா" என்று சொன்னாராம். தங்கை கடிகாரத்தைத் திருகிக்கொண்டிருந்தது.

"அதுக்கு என்ன மதாம் புரியும்?" என்றாளாம் ஆரோக்கியம்.

"புரியாட்டியும் சொல்லணும். சொல்லாமப் போனா களவு."

முப்பத்தைந்து நாளும் ஆரோக்கியம் போனாள். தங்கை தலையைக் கொடுக்கவில்லை. சீப்பைக் கண்டாலே சுவரோடு ஒட்டிக்கொண்டது. கடைசி வாரம் ரிப்பனை மட்டும் தொடவிட்டது. அதை ஆரோக்கியம் வந்து என்னிடம் ஒரு பெரிய காரியம்போல் சொன்னாள்.

மதாம் திரும்பி வந்த நாள் எனக்கு சுரக்குடியில் கான்கிரீட். கூரைக் கான்கிரீட் ஆரம்பித்தால் நிறுத்த முடியாது. விடிகாலை போனவன் சாயங்காலம்தான் வந்தேன். தலை முதல் கால் வரை சிமெண்டு. பாஸ்போர்ட்டை எனக்காக ஆரோக்கியத்திடம் கொடுத்துவிட்டு மதாம் மாடியில் காய்ச்சலோடு படுத்திருந்தார். அந்தக் காய்ச்சலோடும் நாலு மணிக்குப் போய்த் தங்கையைப் பார்த்துவிட்டு வந்து படுத்தவர். என் சத்தம் கேட்டு ஜன்னலிலிருந்து குரல் கொடுத்தார்.

"முசே, எழுதியாச்சா?"

"ஆச்சு மதாம்" என்றேன்.

ஆகவில்லை. இரண்டு வருஷம் முன்பு ஆனது. அதைத்தான் சொன்னேன். ஊருக்குப் போய் வந்தவரை வந்தார் என்று யாராவது எழுதுவார்களா என்று இருந்துவிட்டேன். களைப்பும் இருந்தது. விளக்கம் சொல்லாமல் ஒரே சொல்லில் முடித்துவிடுகிற பழக்கம் எனக்கு. பல இடத்தில் அது நல்லதுக்கு ஆகியிருக்கிறது. அன்றைக்கு ஆகவில்லை.

அவர் நம்பினார். தான் சொல்வதுபோல் மற்றவரும் சொல்வார் என்று நினைக்கிறவர்.

நாலு மாதம் கழிந்தது. விசா நீட்டிப்புக்கு எழுதிப் போட்டார். என்னையும் அவரையும் போலீஸ் ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். வெளிநாட்டார் கணக்குப் பார்க்கிற ஏட்டு ஒருவர். அமைதியான மனிதர். பாஸ்போர்ட்டைப் புரட்டி ஒரு முத்திரையில் விரலை வைத்தார்.

"இந்தத் தேதியில வந்திருக்கீங்க மதாம். அதுக்கப்புறம் நாலு மாசம் எங்க தங்குனீங்க? வீட்டுக்காரர் தகவலே இல்லியே."

"இவர் வீட்டு மாடியில."

ஏட்டு என்னைப் பார்த்தார்.

"நான்தான் குடுத்திருக்கேனே ஐயா" என்றேன்.

"அது அப்ப வந்ததுக்கு. இப்ப வந்ததுக்கு?"

"அதே வீடுங்க. அதே ஆளுதானுங்க."

"அதே ஆளு வெளிநாடு போயிட்டு வந்தா, புதுசா வந்த ஆளு மேஸ்திரி. சட்டம் அப்படி." மதாம் பக்கம் திரும்பினார். "உங்களுக்காவது தெரியுமா?"

"தெரியும். அன்னிக்கே கேட்டேன். முசே ஆச்சுன்னு சொன்னார். ஆகல."

என்னை வைத்துக்கொண்டே சொன்னார். குரலில் கோபம் இல்லை. தண்ணீர் உள்ளுக்கு வருகிறது என்று சொன்ன அதே குரல்.

என் மேல் வழக்கு வரலாம் என்றார் ஏட்டு. நீட்டிப்பு நிற்கலாம் என்றார். நின்றால் அவர் நாட்டை விட்டுப் போக வேண்டும். அங்கிருந்து திரும்ப எழுதிப் போட்டு, கிடைத்தால் வரலாம். எத்தனை மாதம் என்று யாரும் சொல்ல முடியாது. முதலில் நான் என் கையால் விளக்கக் கடிதம் எழுதிக் கொடுக்க வேண்டும்.

ஆற்றுப் பாலம் வரைக்கும் நாங்கள் நடந்தோம். பாலத்தில் அவர் ஆட்டோவை நிறுத்தினார். மணி மூன்றே முக்கால்.

வீட்டில் ஆரோக்கியம் குதித்தாள்.

"உங்க மேலயே சொல்லிட்டாங்களா? மொகத்துக்கு நேராவா?"

"கேட்டாங்க. சொன்னாங்க."

"மூஞ்சிய மூஞ்சியப் பாத்துப் பழகியிருக்கோம். மறந்துட்டார்னு ஒரு வார்த்த சொன்னா வாய்ல முத்தா உதுந்துடும்?"

எனக்கும் கோபம்தான். மூன்று நாள் மாடிப்படிப் பக்கம் திரும்பவில்லை. நாலாம் நாள் காசிம் பாய் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். மதாமையும் கீழே கூப்பிட்டார்.

"ஒரு வழி இருக்கு மேஸ்திரி. ஏட்டுகிட்ட வாயால சொன்னதுதான, எழுத்துல இன்னும் ஏறல. மதாம் வந்ததும் பாண்டிச்சேரியில சொந்தக்காரங்க வீட்டுல இருந்தாங்க. நேத்துதான் இங்க வந்தாங்க. இன்னிக்கு ஃபாரம் போட்டாச்சு. உங்க மேல குத்தம் இல்ல. மதாம் மேலயும் இல்ல. அங்க ஒரே ஒரு வீட்டுக்காரர்கிட்டச் சொல்லி வெக்கணும். எனக்கு ஆளு இருக்கு."

நான் மதாமைப் பார்த்தேன். சரி என்று சொல்லட்டும் என்று மனது அடித்துக்கொண்டது.

"நான் அன்னிக்கே வந்தேன்" என்றார் மதாம்.

"அது நமக்குத் தெரியும் மதாம். பேப்பருக்குத்தான்."

"அன்னிக்கு நாலு மணிக்குத் தங்கச்சி என்னப் பார்த்தா. அவகிட்டப் போயி, நீ பாக்கல, நான் பாண்டிச்சேரியில இருந்தேன்னு சொல்லச் சொல்றீங்களா?"

"அவங்களுக்கு யாரு மதாம் சொல்லப் போறா?"

"அதான். அவளுக்கு யாரும் சொல்ல மாட்டாங்க. அதனால நான்தான் பாத்துக்கணும்."

காசிம் பாய் அல்லாவே என்று எழுந்து போனார்.

அன்றைக்குச் சாயங்காலம் நான் ஒரு வெள்ளைத்தாள் வாங்கி வந்தேன். ஐந்தாவதோடு படிப்பு முடிந்தவன். கல்யாண மொய்க்கவரில் பேர் எழுதியதற்கு மேல் எழுதியதில்லை. மூன்று தாள் கிழித்தேன். நாலாவதில் இப்படி எழுதினேன்.

'ஐயா, மதாம் அன்றைக்கே என் வீட்டுக்கு வந்தார். வீட்டில் இருப்பவர் ஊருக்குப் போய் வந்தால் அதை எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அவர் கேட்டபோது ஆச்சு என்று சொன்னேன். ஆகவில்லை. சொன்னது என் தப்பு. அவர் மேல் தப்பு இல்லை. அவர் தங்கைக்கு அவரை விட்டால் தலை வார ஆள் இல்லை.'

மாடிக்கு எடுத்துப் போய்க் கொடுத்தேன். நின்றபடியே படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு தடவை படித்தார்.

"நேரா இருக்கு முசே" என்றார்.

சுவருக்குப் பிறகு அவர் என் வேலையைப் பற்றிச் சொன்ன நல்ல சொல் அது ஒன்றுதான். தரைக்குச் சொல்லவில்லை. கடிதத்துக்குச் சொன்னார்.

நாற்பது நாள் காக்க வைத்தார்கள். நாற்பது நாளும் அவர் நாலு மணிக்குப் போனார். ஒரு நாள் தங்கையிடம், "நான் போக வேண்டி வரலாம். எத்தனை நாள்னு தெரியல" என்று சொல்லிவிட்டு வந்ததாகச் சொன்னார். ஆரோக்கியம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் கோபம் அன்றோடு போயிற்று.

எனக்கு எச்சரிக்கை. அவருக்கு நீட்டிப்பு. அந்தத் தாளில் காரணம் எழுதியிருந்தது: ஊனமுற்ற சகோதரியைப் பராமரிக்க.

அதற்குப் பிறகுதான் பெட்டி மேல் உட்காருகிற பழக்கம். மகனைப் பார்க்க மூன்று தடவை போய் வந்தார். மூன்று தடவையும் வாசலில். அந்த வருஷங்களை நினைத்தால் நன்றாகத்தான் இருக்கிறது. மாங்கனித் திருவிழா அன்று ஊரே மொட்டைமாடியில் நிற்கும். சாமி வரும்போது மாம்பழம் எறிவார்கள். மதாம் என் தோளுக்கு மேல் எட்டி ஒன்றைப் பிடித்தார். பிடித்த வேகத்தில் நசுங்கிக் கை பூராவும் ஒழுகியது. வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். கிறிஸ்துமசுக்கு எங்கள் வீட்டுச் சாப்பாடு. ஆரோக்கியம் கறி வைத்தால் அவர் ஒரு பாட்டில் ஒயின் வைப்பார். காசிம் பாய் பிரியாணிச் சட்டியோடு வந்து, பாட்டிலைப் பார்த்தும் பார்க்காததுபோல் உட்காருவார். மதாம் பேசமாட்டார். நானும் பேசமாட்டேன். ஆரோக்கியம் எல்லோருக்கும் சேர்த்துப் பேசுவாள்.

நீட்டிப்பு ஒரு தடவை முடிந்து மறுபடியும் வாங்கினார். அதில் இன்னும் ஒன்றரை வருஷம் பாக்கி இருந்தபோது, ஐப்பசி மழையில் தங்கைக்குச் சளி பிடித்தது. எட்டாம் நாள் உயிர் போய்விட்டது. சடையைப் பின்னி ரிப்பன் கட்டி மதாம்தான் சவப்பெட்டியில் வைத்தார். கடிகாரத்தைக் கழற்றி உள்ளே வைக்கப் போனார். பிறகு வைக்கவில்லை. "அவளோடது இல்ல. வெச்சா அது நெசமில்ல" என்றார். குழி மேல் மண் தள்ளும்போது மழை. கல்லறைக்குச் சிமெண்டு வேலையை நான் செய்தேன். சரிவு பார்த்துச் செய்தேன்.

பத்து நாள் கழித்து மதாம் கீழே வந்தார்.

"முசே, நாளைக்குப் போலீஸ் ஆபீசுக்கு வர்றீங்களா?"

"என்ன விசயம் மதாம்?"

"தங்கச்சி இல்லன்னு சொல்லணும்."

ஆரோக்கியத்துக்குப் புரிந்துவிட்டது. கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

"மதாம், யாரும் கேக்கல. பேப்பர்ல ஒன்ற வருசம் இருக்கு. இருங்க. அப்புறம் பாத்துக்கலாம்."

"தங்கச்சிக்காகக் குடுத்தாங்க ஆரோக்கியம். தங்கச்சி இல்ல."

"அதுக்காக நீங்களா போயி வெட்டிக்குவீங்களா?"

மதாம் கீழே உட்கார்ந்தார். முறத்தில் கிடந்த அரிசியில் கல் பொறுக்கத் தொடங்கினார். ஆரோக்கியமும் பக்கத்தில் உட்கார்ந்து பொறுக்கினாள்.

மறுநாள் போனோம். நான் வேலையிலிருந்து நேராகப் போனேன். அதே ஏட்டு. மதாமைப் பார்த்து எழுந்து நின்றார். விஷயம் கேட்டதும் உட்கார்ந்தார்.

"இப்ப உடனே சொல்லணும்னு இல்லியே மதாம்."

"சொல்லிட்டேன்."

"சரி. எழுதித்தான் ஆகணும். ஆனா ஒண்ணு." பேனாவை எடுத்துக்கொண்டார். "காரணம் மாறினா வேற காரணம் எழுதி மேல அனுப்பலாம். நானே நல்லபடியா எழுதறேன். இங்க உங்களுக்கு வேற யாராவது இருக்காங்களா? சொந்தம்னு இல்லாட்டியும், வேண்டியவங்க? உங்களப் பாத்துக்கறவங்க, நீங்க பாத்துக்கறவங்க? யாராவது ஒருத்தர்னு சொன்னாப் போதும்."

மதாம் என்னைப் பார்க்கவில்லை. மடியில் இருந்த கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குச் சொல் வந்தது. தொண்டை வரைக்கும் வந்தது. நாங்க இருக்கோம் ஐயா என்று. அவ்வளவுதான் சொல்ல வேண்டும். ஆனால் பயம் வந்தது. ஏட்டுக்கோ சட்டத்துக்கோ இல்லை. மதாமுக்குப் பயந்தேன். நான் சொல்லி, ஏட்டு அவரைப் பார்த்து அப்படியா மதாம் என்று கேட்டு, அவர் உள்ளதை உள்ளபடி, இல்ல, அவர் வீட்டுக்காரர், நான் வாடகைக்கு இருக்கேன், என்று சொல்லிவிட்டால்? சொல்லக்கூடியவர். அதே குரலில் சொல்வார். அதைக் கேட்க எனக்குத் தெம்பு இல்லை. கை நகத்தில் ஒட்டியிருந்த சிமெண்டைச் சுரண்டிக்கொண்டிருந்தேன்.

ஏட்டு பேனாவோடு காத்திருந்தார். என்னையும் ஒரு தடவை பார்த்தார்.

"யாரும் இல்ல" என்றார் மதாம்.

ஏட்டு எழுதிக்கொண்டார்.

ஒரு மாதத்தில் மதாம் போனார். அறையைக் கழுவிவிட்டு, ஜன்னலைச் சாத்தி, சாவியை ஆரோக்கியம் கையில் கொடுத்தார். "போறேன் ஆரோக்கியம்" என்றார். "போயிட்டு வர்றேன்னு சொல்லுங்க மதாம்" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். மதாம் அவள் தலையைத் தடவினார். அதைச் சொல்லவில்லை. கார் போன பிறகு காசிம் பாய் கடைக்குப் போய், கிளம்பிவிட்டார் என்று ஏற்றிவிட்டு வந்தேன். அதே நாளில் ஏற்றினேன்.

வந்ததும் ஆரோக்கியம் கேட்டாள். ஒரு மாதமாகக் கேட்காமல் வைத்திருந்தது.

"ஏங்க, அன்னிக்கு ஆபீஸ்ல, யாராவது இருக்காங்களான்னு கேட்டாங்களாமே. மதாம் சொன்னாங்க. நீங்க பக்கத்துலதான நின்னீங்க?"

"நின்னேன்."

"நாம இருக்கோம்னு ஒரு வார்த்த?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் பொய் சொல்லவில்லை. யாரும் சொல்லாத ஒன்றை அவர் எப்படித் தானாகச் சொல்வார்? கேட்டது அவரை. ஆனால் சொல்ல வேண்டியது நான்.

இரண்டாம் வருஷம் மகனிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. பிரெஞ்சில் இருந்தது. காசிம் பாய் யாரிடமோ கொடுத்துப் படிக்க வைத்து, கடையை அரைக் கதவு சாத்திவிட்டு வந்து சொன்னார். மகன் வீட்டில்தான் மதாமின் உயிர் போயிருக்கிறது. தூக்கத்தில்.

எனக்கு எழுத வராது. இது நான் எழுதுகிற இரண்டாவது தாள். முதலாவது ஏட்டுக்கு. இது யாருக்கு என்று தெரியவில்லை. அன்றைக்கு மேஜைக்கு முன்னால் சொல்லாததை எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது, எழுதுகிறேன்.

நாங்கள் இருந்தோம் மதாம்.